கல்லூரியை விட்டு நிற்குமுன்

ஜூன், ஜூலையில் சித்தூரிலோ மூணாற்றிலோ அரசுக் கல்லூரியில் பி.ஏ., பி.காம். என்று சேர்வது, பிறகு கோவை, பொள்ளாச்சி, தேனிப் பக்கம் நர்சிங்கோ பாலிடெக்னிக்கோ கிடைத்ததும் அங்கே போய்விடுவது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து குமுளி வரை நம் எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்களில் இது வழக்கமாக நடப்பதுதான். போவதில் தவறில்லை. ஆனால் பல பிள்ளைகள் யாரிடமும் எழுதிக் கொடுக்காமல் நின்றுவிடுகிறார்கள். பெயர் மட்டும் கல்லூரிப் பதிவேட்டில் கிடக்கிறது. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

முதலில் கட்டிய கட்டணம். ரயில்வேயில் இருந்தவனுக்கு டிக்கெட் ரத்துதான் நினைவுக்கு வருகிறது. நாள் தள்ளத் தள்ளப் பிடித்தம் ஏறும். வண்டி போனபின் ஒன்றும் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பும் இந்த வகைதான். சேர்க்கையின் கடைசி நாள் ஆகஸ்ட் 31 என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 16க்குள் எழுதிக் கொடுத்தால் முழுத் தொகையும் திரும்பும். அதில் 5 சதவீதத்துக்கு மேற்படாமல், அதிகபட்சம் ரூ. 5,000 மட்டும் பிடிக்கலாம். அதன்பின் கடைசி நாளுக்குள் என்றால் 90 சதவீதம், செப்டம்பர் 15 வரை 80, செப்டம்பர் 30 வரை 50. அக்டோபர் பிறந்தால் பூஜ்யம். சில ஆண்டுகளில் குழு தனிச் சுற்றறிக்கை விட்டு இன்னும் தாராளமாக நாள் கொடுத்ததும் உண்டு. அந்தந்த ஆண்டின் அறிவிப்பைக் கேட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், இந்தக் கணக்கை ஒவ்வொரு கல்லூரி நோட்டீஸ் போர்டிலும் ஒட்டவேண்டும்.

நிற்க. பெரிய சங்கதி உதவித்தொகை. பட்டியல் இன மாணவர்க்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் 1944இல் தொடங்கியது. கேரளத்தில் அது 'இ-கிராண்ட்ஸ்' வழியாக வருகிறது. ஆண்டின் நடுவே படிப்பை நிறுத்தினால் வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம், சொல்வதும் விடுவதும் மாநில அரசின் முடிவு என்பது அத்திட்டத்தின் நெடுநாள் விதி. முன் அனுமதி இல்லாமல் பாடத்தையோ கல்லூரியையோ மாற்றினாலும் உதவி ரத்தாகும். உடம்பு சரியில்லாமல் முதல் ஆண்டுத் தேர்வு எழுத முடியாதவர், மருத்துவச் சான்று கொடுத்தால் அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்க வழியுண்டு. சான்றை அப்போதே வாங்கி வைக்கவேண்டும். ஆறு மாதம் கழித்து டாக்டரைத் தேடி அலைந்தால் நடக்காது.

எல்லை தாண்டிப் படிக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இந்த ஸ்காலர்ஷிப்பைத் தருவது படிக்கிற மாநிலமல்ல, குடும்பம் நிலையாக இருக்கும் மாநிலம். மூணாற்றுப் பிள்ளை தேனியில் படித்தாலும் கேட்கவேண்டிய இடம் கேரள அலுவலகமே. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'புதுமைப் பெண்' மாதம் ரூ. 1,000 நமக்கும் வரும் என்று சிலர் நம்பியிருந்தார்கள். அது 6 முதல் 12 வரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த பெண்களுக்கென்றே வகுக்கப்பட்டது. நம் பிள்ளை தமிழ் மீடியத்தில் படித்திருந்தாலும் பள்ளி கேரளத்தில் இருந்தால் சேராது. வருத்தம்தான், ஆனால் அதை நம்பி இங்குள்ள உதவியை விட்டுவிடக் கூடாது.

வங்கிக் கடனில் அடி இன்னும் பலமாக விழும். ரூ. 7.5 லட்சம் வரை அடமானம் கேட்பதில்லை என்பதால் பலர் இதை லேசாக எண்ணுகிறார்கள். ஆனால் தகப்பனாரோ தாயாரோ கூட்டாகக் கையெழுத்திட்ட கடன் அது. தொழிற்கல்வி மாணவர்க்கு, குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-10இல் வந்தது. நடுவில் நிற்பவருக்கு அது கிடையாது. நோய் என்று தக்க ஆதாரம் காட்டினால்தான் விலக்கு. ஒரு லட்சத்துக்கு 10 சதவீதம் என்றாலும் வருடம் ரூ. 10,000 வட்டி. தோட்டத்துக் கூலியில் அதைக் கட்டிப் பாருங்கள்!

ஆகவே, நிற்பதென்று முடிவானால் அன்றே பிரின்சிபாலுக்குத் தேதியிட்டு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள். அதே வாரம் ஸ்காலர்ஷிப் பார்க்கும் கிளார்க்கிடமும் வங்கியிலும் சொல்லுங்கள். காஷன் டெபாசிட்டைக் கேட்டு வாங்குங்கள். அது முழுதாகத் திரும்பவேண்டிய பணம். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கல்லூரிக்கு உரிமையில்லை என்று மேற்சொன்ன 2018 அறிவிப்பே சொல்கிறது. தரமாட்டோம் என்றால் அந்த அறிவிப்பின் நகலோடு போய்க் கேளுங்கள்.