போருக்கு வாக்களியாத பெண்மணி

ஐக்கிய அமெரிக்காவின் காங்கிரசுச் சபைக்குத் தெரிவு செய்யப்பெற்ற முதற் பெண்மணி ஜெனெற் ராங்கின் ஆவார். அந்நாட்டு மகளிரின் வாக்குரிமையை உறுதிசெய்த அரசியலமைப்புத் திருத்தம் 1920ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. அம்மையாரோ 1916இலேயே தெரிவாகிவிட்டார். இஃது எங்ஙனம் இயன்றதெனின், 1880இல் அவர் பிறந்த மொன்ரானா, 1914இலேயே தன் மகளிர்க்கு அவ்வுரிமையை வழங்கியிருந்தது. அதன்பொருட்டு ஊரூராகச் சென்று உழைத்தோருள் அவரும் முன்னின்றவர்.

1917 ஏப்பிரல் 2ஆம் நாள் பதவியேற்றார். அன்று மாலையே சனாதிபதி வில்சன் ஜேர்மனியோடு போர் தொடுக்கக் காங்கிரசின் இசைவை வேண்டினார். நான்கு நாட்களின் பின் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. தம் நாட்டின் பக்கம் நிற்க விரும்பினும் போருக்கு வாக்களிக்க இயலாதென அம்மையார் கூறினார். ஆதரித்தோர் 373 பேர். எதிர்த்தோர் 50 பேர். எதிர்த்தோருள் ஏனைய நாற்பத்தொன்பதின்மரும் ஆடவரே. எனினும், கண்ணீர் விட்டழுதாரெனப் பத்திரிகைகள் அம்மையாரையே எடுத்துப் பேசின! மகளிர் வாக்குரிமை இயக்கத்தாருட் சிலரும், தம் முயற்சிக்கு ஊறு நேருமென அஞ்சி அவரைக் குறை கூறினர். 1918இல் செனற் சபைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். இதற்கு அவ்வாக்கு ஒன்றே காரணமென்றல் பொருந்தாது. மாநிலம் இரு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டமையும், சுரங்கத் தொழிலாளர் பக்கம் நின்று செல்வாக்குமிக்க செப்புக் கம்பனியைப் பகைத்துக்கொண்டமையும் உடன் கருதத்தக்கன.

பின்னர் இருபதாண்டுகளுக்கு மேலாகச் சமாதான இயக்கங்களில் உழைத்த அம்மையார், 1940இல், தமது அறுபதாம் வயதில், மீண்டும் சபைக்குத் தெரிவானார். நாட்டைப் போரினின்றும் விலக்கி வைத்தலே வாக்காளர்முன் அவர் வைத்த கொள்கை. மறு ஆண்டு திசெம்பர் 7ஆம் நாள் யப்பானியர் பேள் துறைமுகத்தைத் தாக்கினர். அடுத்த நாள் 388 பேர் போருக்கு வாக்களித்தனர். எதிர்த்தவர் ராங்கின் ஒருவரே. சபை சீறிற்று. வெளிவந்த அவர் தொலைபேசிக் கூண்டொன்றினுட் புகுந்து, பொலிசார் வந்து அழைத்துச் செல்லும்வரை அங்கேயே நின்றார்.

பகைவன் முதலிற் குண்டு வீசிய பின்னரும் போரை மறுத்தல் தகுமோ என்னும் வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. முதல் வாக்குக்குப் பின்னாளில் நியாயங் கண்டோர் பலர். இரண்டாவதற்கு அத்துணைப் பேரில்லை. ஆயினும், அவர் கொடுத்த மொழி மாறவில்லை. ஒரே நாளில் மாறியது மக்கள் மனமே. மாறிய மனத்தைப் பின்பற்றுதல் பிரதிநிதியின் கடனென்பாரும் உளர். அம்மையார் அதற்கு இசையவில்லை. 1942இல் அவர் மீண்டும் போட்டியிடவுமில்லை.

ஓய்வுக்காலத்தில் காந்தியடிகளின் நெறியை அறியும் வேட்கையால் 1946 முதல் 1971 வரை ஏழு முறை இந்தியா சென்று வந்தார். 1968 சனவரியில், எண்பத்தேழு வயதில், வியற்நாம் போரை எதிர்த்து ஏறக்குறைய 5,000 பெண்களுடன் வாசிங்டன் நகரில் ஊர்வலஞ் சென்றார். 1973இல் காலமானார். அவர் விட்டுச் சென்ற உடைமையின் ஒரு பகுதியைக் கொண்டு 1976இல் ஒரு நிதியம் நிறுவப்பெற்றது. வயது கடந்த பின் கல்வி கற்க விழையும் வறிய பெண்களுக்கு அது பொருளுதவி புரிந்து வந்தது.