கறுப்பு இல்லாத கறுப்பு வெள்ளைப் படம்

உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகிற வழியில் இருக்கிறது அனுமந்தன்பட்டி. அந்தப் பக்கம் எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு பந்தலில் பன்னீர் திராட்சை தொங்கிக்கொண்டிருக்கும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சைதான் அது. என்ன நிறம் என்று கேட்டால் சட்டென்று கறுப்பு என்பீர்கள். ஒரு பழத்தை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், நல்ல கருஊதா. மேலே சாம்பல் பூத்த மாதிரி ஒரு மெல்லிய பூச்சு. விரல் பட்ட இடத்தில் மட்டும் அது அழிந்து பளபளக்கும்.

இந்தத் திராட்சைக்கு ஒரு லேபிள் அச்சடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையில் காசு குறைவு. மல்டிகலருக்குக் கட்டுப்படியாகாது, ஒரே ஒரு மைதான், அது ஊதா. ஆனால் அந்தச் சாம்பல் பூச்சும் பளபளப்பும் போட்டோவில் இருப்பது போலவே தெரிய வேண்டும். முடியுமா?

தாராளமாக முடியும். முதலில் படத்தைக் கணினியில் கிரேஸ்கேலாக மாற்ற வேண்டும். கறுப்பு வெள்ளைப் படம் என்று நாம் சொல்வது அதைத்தான். உண்மையில் அந்தக் கோப்புக்குள் கறுப்பு மை எதுவும் இல்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண், அவ்வளவுதான். 0 என்றால் மிக அடர்த்தி, 255 என்றால் வெறும் காகிதம், நடுவில் மற்ற எல்லாம். 'இந்த இடத்தில் இவ்வளவு அடர்த்தி' என்று எண் சொல்கிறது. எந்த மையில் என்று சொல்வதில்லை. வழக்கமாகக் கறுப்பு மையை ஊற்றுகிறோம், அதனால் கறுப்புப் படம் என்கிறோம்.

பக்கம் வடிவமைக்கும் மென்பொருளுக்கு இது தெரியும். 1985இல் வந்த பேஜ்மேக்கரை நம் ஊர் டிடிபி கடைகள் ரொம்ப காலம் விடவே இல்லை. இன்று இன்டிசைன். அதில் படத்தைச் சுற்றி ஒரு சட்டம் இருக்கும். சட்டத்தைத் தேர்ந்தெடுத்து ஊதாவைச் சொடுக்கினால், படத்துக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைதான் ஊதாவாகும். சட்டத்துக்குள் இருக்கும் படத்தையே தேர்ந்தெடுத்துச் சொடுக்கினால் கறுப்பெல்லாம் ஊதாவாகும். புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த இடத்தில்தான் திணறுவார்கள். கலர் போட்டோவை வைத்துக்கொண்டு எத்தனை முறை சொடுக்கினாலும் அது இப்படி மாறாது. அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். இருப்பதோ ஒரு மை. அது எந்த எண்ணின் பேச்சைக் கேட்கும்?

நிறம் மாறுவது நம் கண்ணுக்கான காட்சி. அச்சகத்துக்குப் போகும் செய்தி, 'இந்தப் படத்தை ஊதா பிளேட்டில் சேர்' என்பது மட்டும்தான். மைக்கு ஒன்றாகச் செய்யும் அந்த பிளேட் சாதாரண அலுமினியத் தகடு, அதற்கென்று நிறம் கிடையாது. ஆப்செட் இயந்திரத்துக்கு அரைகுறையாக மை வைக்கவும் தெரியாது. ஓரிடத்தில் மை வைக்கும், இல்லையென்றால் விடும். பிறகு சாம்பல் பூச்சின் வெளிர் ஊதா எப்படி வந்தது? ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். எல்லாம் புள்ளி! வெளிறிய இடத்தில் குட்டிப் புள்ளிகள், அடர்ந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய பெரிய புள்ளிகள். வழவழப்பான தாளில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 150 வரிசை இருக்கும். செய்தித்தாளில் வரிசை குறைவு, அதனால் புள்ளி எளிதாகக் கண்ணில் படும்.

நீலமும் மெஜந்தாவும் சேர்ந்தால் ஊதா வருமே, தனி மை எதற்கு? நல்ல கேள்வி. அப்படிச் செய்தால் இரண்டு பிளேட். ஒன்றில் மை கொஞ்சம் கூடினாலும் பழம் நீலமடிக்கும், அல்லது சிவந்துவிடும். ஸ்பாட் கலர் என்பது டப்பாவிலேயே கலந்து வைத்த ஒரே மை. 1963இல் அமெரிக்காவின் பான்டோன் நிறுவனம் இப்படிப்பட்ட மைகளுக்கு எண் கொடுத்து ஒரு முறையைக் கொண்டுவந்தது. அந்த எண்ணைச் சொன்னால் போதும், சிவகாசியிலும் ஜெர்மனியிலும் ஒரே ஊதாவைக் கலக்கலாம்.

காசு கொஞ்சம் கூடுதலாக இருந்தால் ஊதாவோடு கறுப்பையும் சேர்க்கலாம். பழத்தின் நிழலுக்கு ஆழம் வரும். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் இரண்டு பிளேட்டின் புள்ளி வரிசைகளும் ஒரே கோணத்தில் இருக்கக் கூடாது. 30 பாகை விலகியிருக்க வேண்டும். ஏன் என்று தெரிய, கொசுவலையை இரண்டாக மடித்து, ஒரு மடிப்பை லேசாகத் திருப்பிப் பாருங்கள். வலையில் இல்லாத பட்டை பட்டையான அலைகள் தோன்றும். கோணம் பிசகினால் திராட்சை மேலும் அதே அலைதான்.

எல்லா மையும் போட்டோவுக்கு ஆகாது. மஞ்சளைக் கொடுத்துப் பாருங்கள், படம் காணாமல் போகும். மஞ்சள் எவ்வளவு அடர்ந்தாலும் வெளிச்சமாகவே இருப்பதால், காகிதத்துக்கும் அதற்கும் வித்தியாசம் போதவில்லை. அப்படி ஒரு மஞ்சள் படம் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். அடர்ந்த நீலக் கண்ணாடித்தாள் வழியாகப் பாருங்கள். மஞ்சள் மை நீல ஒளியை விழுங்கிவிடும், வெள்ளைக் காகிதம் அதைத் திருப்பி அனுப்பும். மங்கிக் கிடந்த படம் கறுப்பாக எழுந்து நிற்கும். ஸ்கேனர் வருவதற்கு முன்பு, கலர் படத்திலிருந்து மஞ்சள் பிளேட்டை மட்டும் பிரித்தெடுக்க, அச்சகக் கேமராவின் முன்னால் மாட்டியதும் நீலக் கண்ணாடியைத்தான்.