கூடை நிறையப் பழம், கல்லாவில் காசில்லை

நம் ஊர்க் காப்பிக் கடைகளில் இப்போது ‘ருவாண்டா’ என்று எழுதிய பொட்டலங்கள் சாதாரணமாகக் கண்ணில் படுகின்றன. விலை கொஞ்சம் எகிறும். அந்தப் பழத்தைப் பறித்தவர்களின் கூட்டுறவுச் சங்கம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பது மட்டும் பொட்டலத்தில் இருக்காது.

1994-இல் சுமார் 100 நாள்களில் ஏறக்குறைய 8 லட்சம் பேர் அங்கே கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களில் பக்கத்து வீட்டுக்காரர்களும் உண்டு. அந்தக் கிராமங்களில் ‘சேர்ந்து தொழில் செய்வோம்’ என்று சொல்லவே தனித் துணிச்சல் வேண்டும். தெற்கே மராபா என்ற இடத்தில் 1999-இல் விவசாயிகள் அப்படியொரு சங்கம் தொடங்கினார்கள். கணவனை இழந்த பெண்கள் பலர் அதில் உறுப்பினர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பங்கெடுத்த ஓர் உதவித் திட்டத்தின் துணையோடு, 2001-இல் பழத்தைத் தோலுரித்துக் கழுவும் நிலையம் அமைந்தது. 2003-இல் அவர்களின் காப்பி பிரிட்டிஷ் பேரங்காடிகளுக்கே போய்விட்டது.

வெற்றிக் கதை என்று பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். சிக்கலே அதற்குப் பிறகுதான்.

காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே தோலுரித்துவிட வேண்டும், விட்டால் புளித்துவிடும். ஆறு கிலோ பழத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கொட்டைதான் தேறும். அதை உலர்த்தி, தரம் பிரித்து, கப்பலேற்றிப் பணம் பார்க்க மாதக்கணக்காகும். குன்றிலிருந்து கூடையைச் சுமந்து வரும் அம்மாவுக்கோ இன்றே கையில் காசு வேண்டும். ஆகவே சங்கம் வங்கிக் கடனை நம்பி நிற்கிறது. கடன் தாமதமானால் கல்லா காலி. எதிரே தனியார் நிலையம் ரொக்கத்தோடு காத்திருக்கிறது. ‘ஏற்றுமதி முடிந்ததும் இரண்டாவது தவணை உண்டு’ என்கிறது சங்கம். உறுப்பினர் எதை நம்புவார்? வெளியே விற்றுவிடுகிறார். நிலையத்துக்கு வரும் பழம் குறைகிறது, வட்டி குறைவதில்லை. கடைசியில் அந்த இரண்டாவது தவணையை வட்டியே விழுங்குகிறது. அடுத்த ஆண்டு இன்னும் சிலர் நழுவுகிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சில நூறு மரங்களை வைத்துக் குடும்பம் நடத்துபவரிடம் மாதக்கணக்கில் பொறுமை கேட்பது லேசான காரியமா?

போதாக்குறைக்கு, ‘உருளைக்கிழங்கு வாடை’ என்றொரு தொல்லை. ஒரு வகைப் பூச்சி கடித்த கொட்டையால் வருவது என்கிறார்கள். ஒரேயொரு கொட்டை போதும், கோப்பை முழுவதும் பச்சை உருளைக்கிழங்காக மணக்கும். அதைத் தவிர்க்க, நீண்ட மேசைகளில் பெண்கள் கையால் பொறுக்குகிறார்கள். அதற்கும் கூலி வேண்டுமே!

அரசாங்கம் 2016-இல் ஒரு விதி கொண்டுவந்தது: விவசாயி தம் வட்டாரத்து நிலையத்துக்கே விற்க வேண்டும். நிலையங்களுக்குப் பழம் உறுதியானது. விவசாயி பேரம் பேசும் வாய்ப்பை இழந்தார். 2023-இல் அந்த விதியைக் கைவிட்டார்கள். போட்டி மறுபடியும் ஆரம்பம்.

வாங்குபவர் தரும் முன்பணம் ஒரு வழி. நியாய வணிக முத்திரையின் விதிப்படி, சங்கம் கேட்டால் ஒப்பந்தத் தொகையில் 60 விழுக்காடு வரை முன்கூட்டியே தர வேண்டும். என்னைக் கேட்டால், தொகையைவிடத் தேதிதான் முக்கியம். அங்கே அறுவடை மார்ச் வாக்கில் தொடங்கும். பணம் பிப்ரவரியில் வந்தால் சங்கம் பழத்தை வாங்கும். ஜூனில் வந்தால், பாதிக் கூடைகள் எதிர்ப்பக்கம் போயிருக்கும்.