விரல் நீட்டி, வாய்விட்டுச் சொல்லி

"உணர்ந்து வாழுங்கள்" என்று யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு அதிகாலை எழுவது, வீட்டுச் சாமானைக் குறைப்பது, பத்து நாள் மௌனம் என்றுதான் போகும். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. ஒரு நாளில் நாம் செய்வதில் பெரும்பகுதி கதவைப் பூட்டுவது, அடுப்பை அணைப்பது மாதிரி சில்லறை வேலைகள். அவற்றை எப்படிச் சுயநினைவோடு செய்வது? இதற்கு நான் படித்ததிலேயே உருப்படியான பதில் ஜப்பான் ரயில்வேயில் கிடைத்தது.

அங்கே ரயில் ஓட்டுபவர் சிக்னலை நோக்கி விரல் நீட்டி, அதன் நிலையை உரக்கச் சொல்வார். வேகப் பலகை, கடிகாரம் எல்லாவற்றுக்கும் அப்படியே. பக்கத்தில் ஆளே இல்லாவிட்டாலும் சொல்வார். 'ஷிசா கான்கோ' என்று பேர். பார்க்கச் சிரிப்பு வரும்தான். ஆனால் 1994இல் அந்நாட்டு ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் ஒரு எளிய வேலையை வைத்துச் சோதித்தபோது, சும்மா செய்தால் நூற்றுக்கு 2.38 தவறு; விரல் நீட்டிச் சொல்லிச் செய்தால் 0.38. கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு! நியூயார்க் சுரங்க ரயிலிலும் 1996 முதல் கண்டக்டர் கதவைத் திறக்குமுன் நடைமேடையில் உள்ள கோடு போட்ட பலகையைச் சுட்டிக்காட்ட வேண்டும். நம் ரயில்களிலும் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் சிக்னல் நிலையை ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்லிக்கொள்வார்கள்.

காரணம் ரொம்ப எளிது. பழகின வேலையைக் கை தானாகச் செய்துவிடும், மனசு வேற எங்கேயோ இருக்கும். கண், கை, வாய், காது நாலையும் ஒரே பொருள் மேல் கொண்டுவந்தால் அப்படி நழுவ முடியாது. இன்னொரு லாபம், ஞாபகம். தினமும் ஒரே மாதிரி செய்வதில் நேற்றையதும் இன்றையதும் ஒன்றோடொன்று கலந்துவிடும். வாய்விட்டுச் சொன்னது கொஞ்சம் தனியாக நிற்கும்.

எங்கள் வீட்டில் இது விளையாட்டு இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை. "போட்டேனா இல்லையாடா?" என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? சில வகைச் சர்க்கரை மாத்திரைகளை இரண்டாவது தடவை போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரைக்கும் போகும். ஏழு நாள் டப்பா வாங்கினோம். இப்போது அன்றைய அறையைத் தொட்டு, "வியாழன் காலை, வெள்ளை ஒண்ணு, போட்டாச்சு" என்கிறார். முதலில் "பைத்தியக்காரி மாதிரி இருக்குடா" என்றவர்தான்.

எப்போது செய்வது என்பதையும் முடிச்சுப் போட்டுவிட வேண்டும். 'ஒழுங்கா மாத்திரை போடணும்' என்ற தீர்மானம் வலுவில்லாதது. 'பல் தேய்த்து வந்ததும் டப்பாவை எடுப்பேன்' என்பது வேலை செய்யும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைத்தான் பல வருடம் ஆராய்ந்தார். 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், பலன் கணிசமாகவே இருந்தது.

எல்லாவற்றுக்கும் விரல் நீட்டக் கூடாது என்பது என் கட்சி. அதுவும் பழகிப்போய், விரல் போகும், கண் போகாது. நாங்கள் மூன்றோடு நிறுத்தியிருக்கிறோம்: மாத்திரை, வாசல் பூட்டு, கேஸ். கேஸுக்கு மட்டும் சுட்டினால் போதாது, ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்லணும். தூரத்திலிருந்து பார்த்தால் திறந்ததும் மூடியதும் ஒரே மாதிரிதான் தெரிகிறது.