குழந்தையின் ஆறு ஆதாரங்கள்

பிழைப்பை நாடி வெளிமாநிலங்களில் குடியேறிய நமக்குக் குழந்தைகளின் கல்வியே தலையாய கவலையாக இருப்பது இயல்பே. சொந்த ஊரில் நிலபுலன் இல்லாதவர்க்கு மக்களின் படிப்பே சொத்து. ஆயினும், மதிப்பெண் ஒன்றையே கல்வியின் அளவுகோலாகக் கொள்வது முறையா என்பதை நாம் சற்று ஆராய்தல் வேண்டும்.

யோக நூலார் மனித உடம்பில் மூலாதாரம், சுவாதிட்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி, ஆஞ்ஞை என்னும் ஆறு ஆதாரங்களைக் கூறுவர். சக்கரங்கள் என்பனவும் இவையே. திருமூலரின் திருமந்திரம் இவற்றை விரித்துப் பேசுகிறது. 1577-இல் வங்கத்துப் பூர்ணானந்தர் இயற்றிய வடமொழி நூலை 1919-இல் சர் ஜான் உட்ரோப் ஆங்கிலத்தில் வெளியிட்ட பின்னர், இக்கருத்து மேனாடுகளிலும் பரவிற்று.

இன்று இவ்வாதாரங்களைக் குழந்தை வளர்ப்புக்கும் பொருத்திக் காட்டுவோர் உளர். இன்ன வயதுக்கு இன்ன ஆதாரம் என வகுப்பது அண்மைக்கால வழக்கு. பழைய யோக நூல்கள் சாதகர்களுக்காக எழுந்தவை. ஆதாரங்கள் உடற்கூற்றில் காணத்தக்க உறுப்புகளும் அல்ல. பேச்சு வரத் தாமதிக்கும் குழந்தைக்கு 'விசுத்தி அடைபட்டிருக்கிறது' என்று கூறி, மருத்துவரிடம் காட்டாமல் காலம் கடத்துவது பெருந்தீங்காகும். ஆயினும், குழந்தையை முழுமையாக நோக்க உதவும் ஒரு வரிசையாகக் கொள்வோமாயின் இதனால் பயனுண்டு.

இவ்வரிசை அடியிலிருந்து தொடங்குகிறது. நாமோ பெரும்பாலும் முடியிலிருந்து தொடங்குகிறோம்.

மூலாதாரத்திற்கு உரியது நிலம். வேளைக்கு உணவு, போதிய உறக்கம், அச்சமற்ற வீடு ஆகியவையே குழந்தைக்கு நிலம். பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களில் வீடும் பள்ளியும் தோழரும் ஒருங்கே மாறிவிடுகின்றனர். அப்போது மாறாதவை சில வேண்டும். அனைவரும் கூடி உண்ணும் இரவு உணவு, உறங்குமுன் ஒரு கதை, பாட்டியோடு தொலைபேசியில் பேசும் ஞாயிற்றுக்கிழமை ஆகியன சிறியனவாகத் தோன்றினும் குழந்தைக்குக் காலூன்றும் தரையாகும்.

சுவாதிட்டானத்திற்கு நீரும் மணிபூரகத்திற்குத் தீயும் உரியன என்பர். முன்னதை விளையாட்டாகவும் பின்னதைத் தன்முயற்சியாகவும் கொள்ளலாம். புத்தகப் பையைத் தானே அடுக்கும் சிறுவனுக்கு அதனால் உண்டாகும் ஊக்கம் பிறர் ஊட்டி வருவதன்று. அநாகதம் நெஞ்சின் இடம். தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்ற அன்றும் அன்பு குறையவில்லை என்பதைக் குழந்தை அறிதல் வேண்டும்.

விசுத்தி தொண்டையின் இடம். நம் குழந்தைகள் தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ பேசுகின்றனர்; பள்ளியில் ஆங்கிலம்; வீட்டில் தமிழ். இம்மொழிகள் கலந்து வரும் தமிழைக் கேட்டு உறவினர் நகைத்தால், குழந்தை தமிழில் வாய் திறப்பதையே நிறுத்திவிடும். பிழையைப் பின்னர்த் திருத்தலாம். முதலில் பேசவிடுதல் வேண்டும். இவற்றின் மேலே அமைவதே அறிவின் இடமாகிய ஆஞ்ஞை.

இத்தகைய முழுமை நோக்கு நம் நாட்டுக் கல்விக்குப் புதிதன்று. பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1943 டிசம்பர் 2-ஆம் நாள் ஸ்ரீ அன்னை தொடங்கிய பள்ளி, உடல், பிராணன், மனம், அகவுயிர், ஆன்மிகம் என்னும் ஐந்தையும் வளர்ப்பதைக் கல்வியாகக் கொண்டது. 1956-இல் தில்லியிலும் அவ்வழியில் ஒரு பள்ளி எழுந்தது. 2022-இல் வெளிவந்த அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் தைத்திரீய உபநிடதத்தின் ஐந்து கோசங்களை எடுத்துரைக்கிறது. இளஞ்சிறார்க்குத் தாய்மொழிவழிக் கல்வி இயன்றவரை வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. வெளிமாநிலப் பள்ளிகளில் தமிழ்வழிக் கல்வி அரிதாகையால், அப்பொறுப்பு நம் இல்லங்களையே சார்கிறது.

பள்ளியினின்று திரும்பும் குழந்தையிடம் மதிப்பெண்ணைக் கேட்குமுன், 'பசிக்கிறதா? இன்று யாரோடு விளையாடினாய்?' என்று தமிழில் கேட்போமாக. அடித்தளம் உறுதிப்பட்டால் அதன்மேல் படிப்பும் நிலைத்து நிற்கும்.