ஆள் மாறாட்டம் செய்த அணுக்கள்

பாலுக்கு உறை குத்துகிறீர்கள். நேற்றைய மோரில் ஒரு கரண்டி போதும். காலையில் பானை நிறையத் தயிர். அதில் ஒரு கரண்டி எடுத்து நாளைக்கு. இப்படியே வருஷக் கணக்கில் ஓட்டலாம் அல்லவா? புற்று நோய் ஆராய்ச்சிக்கூடங்களில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். வளர்வது மட்டும் தயிரல்ல, மனித உயிரணு!

நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த அணுக்கள் சாதாரணமாகச் சீக்கிரமே மடிந்துவிடும். 1951-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்கு ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பு இனத்து அம்மாள் வந்தார். ஐந்து குழந்தைகளின் தாய். கர்ப்பப்பை வாயில் புற்று. அங்கே ஜார்ஜ் கை என்ற நிபுணர் வளர்த்த அவருடைய அணுக்கள் நாளுக்கு நாள் இரட்டித்தன. அந்த அக்டோபரில், 31 வயதில், அம்மாள் கண்ணை மூடினார். அணுக்கள் சாகவில்லை. 'ஹீலா' என்ற பெயரில் உலகமெல்லாம் போயின. குடும்பத்தாருக்கு விஷயம் தெரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. யாரும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் வேதனை.

ஒரு பானைக் கரண்டியை மறந்துபோய் இன்னொரு பானையில் விட்டால் என்ன ஆகும்? அதுவும் நடந்தது. 1966-ல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியல் நிபுணர் ஒரு மகாநாட்டில் குண்டைத் தூக்கிப் போட்டார். பற்பல பெயர்களில் ஆராய்ச்சியாளர்கள் வளர்த்து வந்த 18 வகை அணுக்கள் உண்மையில் ஹீலாவே என்றார்! ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமே காணப்படும் ஒரு நொதியின் வகை எல்லாவற்றிலும் இருந்தது. வெள்ளைக்காரரிடமிருந்து வந்ததாகச் சொன்ன அணுக்களிலுங்கூட. சபையில் பலருக்கு இது ரசிக்கவில்லை. பல வருஷத்து உழைப்பு வீண் என்றால் யாருக்குத்தான் ரசிக்கும்?

இன்னொரு கதையும் உண்டு. அமெரிக்கத் தேசியப் புற்று நோய்க் கழகம் புது மருந்துகளைச் சோதிக்க அறுபது வகை அணுக்களைத் திரட்டியது. அவற்றில் மார்பகப் புற்று வரிசையில் உட்கார்ந்திருந்தது 'எம்.டி.ஏ.-எம்.பி.-435'. 2000-ல் மரபணுக்களை ஆராய்ந்தபோது அதன் சாயல் மெலனோமா என்ற தோல் புற்றின் சாயலாக இருந்தது. பிறகு ஒப்பிட்டதில் 'எம்-14' என்ற மெலனோமா அணுவேதான் அது என்று வெளிச்சமாயிற்று. மார்பகப் புற்றுக்கென்று அதை வைத்துச் செய்த சோதனைகளின் கதி என்ன, யோசித்துப் பாருங்கள்!

இதற்காகத்தான் அணு பாங்கிகள். அமெரிக்காவில் 1925-ல் தோன்றிய ஏ.டி.சி.சி.யும், நம் புனா நகரத்துத் தேசிய உயிரணு அறிவியல் மையமும் அப்படிப்பட்டவை. திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழ் 196 டிகிரிக் குளிரில், அணுக்கள் உயிரோடு உறங்குகின்றன. கைரேகை போல மரபணு ரேகையைப் பார்த்துத்தான் இன்னார் என்று அடையாளம் காண்கிறார்கள்.

பெயர் மாறிய அணுக்களுக்கென்று சர்வதேசப் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. அதில் 500-க்கு மேற்பட்ட பெயர்கள். வேலையைத் தொடங்குமுன் அதைப் புரட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், பார்க்காதவர்களும் இருக்கிறார்கள்.