சிவப்பு மழை சொல்லும் பாடம்

எர்ணாகுளத்தில் ரயில் ஏறிக் கோட்டயம் தாண்டினால் வருவது சங்கனாச்சேரி. 2001 ஜூலை 25-ந் தேதி அங்கே இரத்த நிறத்தில் மழை பெய்தது. அதற்குச் சற்று முன் பெரும் இடிச் சத்தமும் ஒளியும் தோன்றியதாக ஊரார் கூறினர். செப்டம்பர் வரை கோட்டயம், இடுக்கி முதலிய ஜில்லாக்களில் விட்டுவிட்டுச் சிவப்பு மழை பெய்தது.

திருவனந்தபுரத்திலுள்ள புவி அறிவியல் ஆய்வு மையத்தார், வானில் எரிகல் வெடித்ததால் வந்த தூசி என்று முதலில் கருத்துச் சொன்னார்கள். சில நாட்களில் நுண்ணோக்கியில் பார்த்தபோது அவை தூசியல்ல, ஏதோ உயிரினத்தின் வித்துக்கள் என்று தெரிந்தது. உடனே தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். பாலோடு தாவரவியல் பூங்கா நிலையத்தில் அவற்றை வளர்த்துப் பார்த்தார்கள். டிரென்டிபோலியா என்னும் பாசி முளைத்தது. அதே இனத்துப் பாசி சங்கனாச்சேரியில் மரங்களிலும் பாறைகளிலும் ஏராளமாகப் படர்ந்திருந்தது. 2001 நவம்பரில் அறிக்கை வெளிவந்தது. இத்தனை வித்துக்கள் ஒரே சமயத்தில் மேகத்துக்கு எப்படி ஏறின என்பதற்கு விடை கிடைக்கவில்லை என்பதையும் அந்த அறிக்கை மறைக்கவில்லை.

2006-ல் கோட்டயம் மகாத்மா காந்தி சர்வகலாசாலையின் காட்ஃப்ரே லூயிஸ், சந்தோஷ் குமார் ஆகியோர் வேறொரு கருத்தை வெளியிட்டனர். அத்துகள்களில் டி.என்.ஏ. தென்படவில்லை, வால் நட்சத்திரத் துண்டோடு வந்த வேற்றுலக உயிரணுக்களாக இருக்கலாம் என்றனர். உலகப் பத்திரிகைகள் பரபரப்பாக எழுதின.

இப்படிக் கேட்டது தவறா? தவறே அல்ல. விஞ்ஞானத்தில் எந்தக் கேள்விக்கும் கதவடைக்கக் கூடாது. ஆனால் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஒரு சோதனையில் தென்படாதது இல்லவே இல்லை என்று ஆகிவிடாது. தடித்த ஓடுள்ள வித்துக்குள்ளிருந்து டி.என்.ஏ.யை எடுப்பது சுலபமல்ல. பிற்பாடு வேறு ஆராய்ச்சியாளர்கள் அதைக் கண்டார்கள். 2015-ல் வெளியான மரபணு ஆய்வும் அது டிரென்டிபோலியா இனமே என்று உறுதி செய்தது.

நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. ரயில்வே பார்சல் ஆபீசுக்கு யார் மூட்டை கொண்டு வந்தாலும் விரட்டுவதில்லை. ஆனால் தராசில் வைக்காமல் ரசீதும் எழுதுவதில்லை. மட்டாஞ்சேரியிலோ கலூரிலோ ஒருவர் வந்து, "சர்க்கரை வியாதி ஒரே மாதத்தில் போய்விடும், இல்லையென்று யாராவது நிரூபிக்கட்டும்" என்று லேகியம் விற்றால், அவரைக் கேலி செய்ய வேண்டாம். நிரூபிக்க வேண்டிய பொறுப்பு விற்பவருடையது. "எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? எத்தனை பேருக்குக் குணமாகவில்லை? ரத்தப் பரிசோதனைச் சீட்டு எங்கே?" என்று கேளுங்கள். பதில் வருமட்டும் வாரக் கூலி உங்கள் பையிலேயே இருக்கட்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.